துண்டில் முடிந்த சாவிகள்

ஞாயிறு, ராத்திரி

நான் என்னப்பா, ஒங்க வண்டிக்கெல்லாம் வாட்ச்மேனா? பேங்க்ல மேனேஜரா இருந்தா எனக்கும் நீதான் மேனேஜரா, செல்வம்?

ஓட்டக் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டதே இவன்தான். அதை நம்பித்தான் இந்த வயதில் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு கீரமங்கலம் கடைத்தெருவுக்குப் போனேன். வாராவாரம், "ஐயா, நீங்க இங்கிட்டே இருந்து வண்டியப் பாத்துக்கங்க" என்று எல்லார் சாவியையும் என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

இன்று சாவிகளைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன். அவர்கள் ஆலங்குடி ரோட்டில் போனார்கள், நான் எதிர்ப்பக்கம். வழியெல்லாம் சலங்கை கட்டின மாடு மாதிரி சத்தம். நடுவில் நின்று ஒரு டீயும் குடித்தேன்.

திரும்பி வந்தால் அத்தனை பேரும் வெயிலில் வண்டிமேல் சாய்ந்து நிற்கிறார்கள். எனக்காக அவர்கள் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? புள்ளைய டியூஷன்ல விடணும்ங்க!" என்று செல்வம் கத்தினான்.

"ஓடத்தானப்பா வந்தேன். நீதான் வேகமா ஓடுற ஆளாச்சே, வீட்டுக்கும் ஓடியே போயிருக்கலாமே?"

ஒருத்தர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை. சாவியை நீட்டினேன். மனசு கேட்காமல் வாயை விட்டும் விட்டேன்.

"சாவிக்காக இம்புட்டு நேரம் நின்னீங்கள்ல? அடுத்த வாரம் எனக்காக ஒரு அஞ்சு நிமிசம்..."

நான் சொல்லி முடிக்குமுன் சாவியைப் பிடுங்கியவன், வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட என் பக்கத்தில் நிற்காமல் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.