வேல்விழியின் பேட்டரி வண்டி

மண்ணூர்,
அக்டோபர் 2011

அம்மாவுக்கு இசக்கிசெல்வியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

என் அறையில் இருக்கும் வேல்விழி பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். கம்பெனி பஸ்ஸுக்கு ஏரிக்கரைப் பாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், இப்போது மதிவதனியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறாள். நேற்றுதான் எங்கள் அறைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவளை! போகட்டும், எனக்கென்ன.

அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. திங்கட்கிழமை பின்னாலிருந்து வந்து என்னை இடித்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். வீட்டுக்காரம்மா ஞானம்மாதான் வேல்விழியைப் பிடித்து விளாசிவிட்டார்.

"இன்னா பொண்ணு, ஜனம் நடக்கிற கரையில பூனை மாதிரி வந்துகினு கீற? ஹாரன் அடிச்சாலும் பதறி ஏரியில வுழுவாங்க. இனிமே கரைமேல எறங்கித் தள்ளிகினு போ. இல்லாட்டி ஆட்டுமணி எதுனா கட்டிக்கோ."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுல ஆட்டுமணி கெடக்கு, அம்மாட்ட கேக்கேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வேல்விழி தினமும், "மணி எப்ப வரும்?" என்கிறாள்.

செல்லக்கனி மதினி வரும்போது கருப்பட்டியும், உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். போர்த்திக்கொள்ளத்தான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, வேல்விழி கீழே நின்று கூப்பிடுகிறாள். மணியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அம்மா. அது வராதவரைக்கும் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில்தான் நடந்தாக வேண்டும்.

செல்வி