சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்த குதிரை

ஜனவரி 6, திங்கள்

பத்மஜாவுக்குக் குதிரை வேண்டுமாம். எங்கள் கரமனைத் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லையே என்றேன். அது விழிஞ்ஞம் பக்கத்து லாயத்திலேயே இருக்குமாம், நாம் போய்ப் பார்த்துக்கொண்டால் போதுமாம். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் என் மனைவிக்கு ஆசை, நாற்பது கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தில் குதிரையோட்ட வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு ஆசை, ஆபீஸ் லிஃப்ட் பழுதாகாமல் இருக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு வாடகைக் குதிரை மிரண்டு தள்ளியதில் அவளுடைய இடது காறை எலும்பு முறிந்தது. ஆறிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை. பரணிலிருந்து எதை எடுப்பதானாலும் நான்தான் ஸ்டூல் ஏறுகிறேன்.

"இந்தக் குதிரையும் சரியாகலேன்னா விட்டுடறேன். சத்தியமா," என்றாள்.

இன்னொரு தடவை விழுந்தால்— வேண்டாம், எழுதவில்லை.

ஜனவரி 7

லாயக்காரர் ஹரிநாராயணனுக்குப் போன் செய்து நாளைக் காலை பத்தரைக்கு நேரம் வாங்கினேன். ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான். "பொண் பாக்கப் போறேளா, குதிரை பாக்கவா?" என்று எதிர்வீட்டு மங்கலம் மாமி கேட்டாள். மாமிக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் சொன்னேன்.

ஜனவரி 8, புதன்

பெண் பார்க்கிற மாதிரியேதான் இருந்தது. டீ, பழம்பொரி, ஏழு தலைமுறை வம்ச விவரம். என் ஜாதகத்தில்கூட இவ்வளவு விவரம் கிடையாது.

இரண்டு அரபுக் குதிரைகள். சாம்பல் நிற பாதுஷா சிலை மாதிரி நின்றது. கழுத்தைத் தடவினேன், காதுகூட அசையவில்லை. "நல்ல சாந்த சுபாவம், கேட்டோ சாரே. கொச்சுப் பிள்ளைகூட ஏறலாம்," என்றார் ஹரிநாராயணன். செம்பழுப்பு நிற நூரி நேர்மாறு. வெயிலுக்குக் குடையை விரித்தேன், நாலடி துள்ளியது. நான் ஐந்தடி. பிறகு அதுவே வந்து குடையை மோந்து பார்த்தது.

என் ஓட்டு பாதுஷாவுக்கு. பத்மஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 10

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரவின்ராஜ் வம்சப் பத்திரத்தின் நகலோடு வீட்டுக்கு வந்தார். நாகர்கோவில்காரர். காப்பி கொடுத்து ஊர்வம்பு பேசினேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. பாதுஷாவின் சாந்தத்தைப் புகழ்ந்தேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க பத்தரைக்கு வாறதா சொன்னீங்கல்லா? காலைல ஆறு மணிக்கே மணல்ல போட்டு ஒரு மணிக்கூர் விரட்டிட்டேன் சார். இல்லன்னா நிக்குமா அது? யாரு வந்தாலும் அப்படித்தான் காட்டுவோம்."

உள்ளேயிருந்து பத்மஜா வந்தாள். கோபப்படவில்லை. அவர் போகும்வரை காத்திருந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"என்னைப் பாக்க வந்த அன்னிக்கு உங்கம்மாவும் உங்களை விரட்டிட்டுத்தான் அழைச்சிண்டு வந்தாளோ? எத்தனை சாந்தமா உக்காந்திருந்தேள்!"

இருபத்திரண்டு வருஷமாக மனதில் வைத்திருந்தாளோ என்னவோ.

ஜனவரி 12, ஞாயிறு

சொல்லாமல் போனோம். ஹரிநாராயணன் ஷேவ்கூடச் செய்திருக்கவில்லை. "ஒரு வாக்கு விளிச்சுச் சொல்லியிருக்கலாமே சாரே," என்று இரண்டு முறை சொன்னார். அதற்காகத்தானே சொல்லவில்லை.

பத்மஜாவின் பரீட்சை எளிது. ஒவ்வொன்றையும் தனியாக, மற்றது கண்ணில் படாத தூரம்வரை நடத்திப் போக வேண்டும். பாதுஷா கேட்டைத் தாண்டியதுமே கத்த ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி வந்தது, நடந்த நடைக்கே வியர்த்தது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பக்கெட்டில் வாய் வைக்கவே இல்லை.

நூரி, துறைமுகத்துக்குப் போகிற லாரி ஹாரன் அடித்ததும் துள்ளியது. (நானும்.) நின்றது, பார்த்தது, ஒரு பெருமூச்சு விட்டது, நடந்தது. பக்கெட்டில் பாதியைக் குடித்தது. மர நிழலில் பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக்கொண்டு தூங்கத் தொடங்கியது.

"மிரளாத குதிரை உண்டோ? மிரண்டா எத்தனை சீக்கிரம் திரும்பி வரதுங்கறதுதான் பாக்கணும்," என்றாள். குதிரையைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நூரி.

பிப்ரவரி 2

தினமும் காலை ஐந்துக்கு எழுப்புகிறாள். சவாரி அவளுக்கு, கொட்டாவி எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு

ஓட்ட நாள். என் உத்தியோகம் பக்கெட், ஸ்பாஞ்சு, வாழைப்பழம்.

இருபதாவது கிலோமீட்டரில் மருத்துவச் சோதனை. குதிரையின் நாடி அறுபத்துநான்குக்கு இறங்கினால்தான் மறுபாதிக்கு விடுவார்கள். பதறுகிற குதிரைக்குக் கால் களைக்காவிட்டாலும் நாடி இறங்காது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை, ஜோடி முன்னால் போய்விட்டதென்று கத்திக்கொண்டே இருந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். நூரி தண்ணீர் குடித்தது, கண்ணை மூடியது. ஒன்பது நிமிஷத்தில் ஐம்பத்தெட்டு. என் நாடியை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

மறுபாதி. முடிவுக் கோட்டுக்கு அருகே வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் தாங்காமல், புத்திகெட்டு, குடையை விரித்தேன். அப்போதுதான் நூரி வளைவில் வந்தது. ஒரு துள்ளல். குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. நூரி குடையைப் பார்த்தது, என்னைத் தெரிந்துகொண்டது, அதே நடையில் வந்தது.

மேலே பத்மஜா கையை உயரத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினாள். இடது கை.

இனி பரணில் இருப்பதை அவளே எடுத்துக்கொள்ளட்டும்.