இருபோகம் விளைந்த பாறை

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். குழந்தைக்கு இருமல் நின்றதா, குளிரில் காதை மூடாமல் வெளியே விடாதே. உன் பெரியப்பா போன் செய்தாராமே, விமானப்படைத் தளத்தின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு நம் குடும்பத்தின் தியாகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாராமே. எழுதிவிடாதே. தியாகமாம் தியாகம்! நடந்ததைக் கேள்.

போன வாரம் தளத்தில் விழா. தளம் கட்ட அரசாங்கம் நம்மவர்களிடம் நிலம் வாங்கிய பழைய பத்திரங்களைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டுங்கள் என்று யோசனை சொன்னதே பெரியப்பாதான். தன் பெயரை நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும். உன் அத்தையையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குப் பார்வை மங்கல், காதும் மந்தம், "படிச்சுச் சொல்லுங்க அண்ணி" என்றாள். அவளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன், கூடமே கேட்டுவிட்டது. மண்வெட்டி போட்டால் பொறி பறக்கும் பெரியப்பாவின் பாறை, 'இருபோகம் விளையும் வயல்'. மாமா போன பிறகு அத்தை ஒற்றை ஆளாய்ப் பாடுபட்டு வருடம் இரண்டு முறை அறுத்த வயல், 'சாகுபடிக்கு உதவாத கல்லாங்காடு'. அன்றைக்கு அதிகாரிக்கு நிலத்தைச் சுற்றிக் காட்டியவர் இவர், கீழே சாட்சிக் கையெழுத்தும் இவருடையது. தன் பாறைக்கு வயல் விலை வாங்கிக்கொண்டு, தன்னை நம்பிய தங்கை வயலுக்குப் பாறை விலை வாங்கிக்கொடுத்த மகராசன். அவளோ இத்தனை காலம் ஊரார் துணியைத் தைத்துத்தான் மகளைக் கரையேற்றினாள்.

பெரியப்பா ஓடி வந்து, "எழுத்தர் எழுதினதும்மா, எனக்கென்ன தெரியும்" என்று குழைந்தார். "சரிண்ணே, கையெழுத்தையும் அவரேவா உங்களுக்காகப் போட்டாரு?" என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் பேர்ல கல்வெட்டு வைக்கப் போறாங்களாமே அண்ணி, கல்லுக்கு எதுக்கு அலையணும், என் வயல்லதான் நிறைய இருக்காமே, அங்கயே எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். சுற்றி நின்றவர்களில் சிரிக்காத ஆள் இல்லை. சூடு சொரணை உள்ளவர் வீட்டுக்குப் போயிருப்பார். இவருக்கு எருமை மேல் மழை பெய்த மாதிரி, மேடையேறிக் கேடயம் வாங்கிக்கொண்டு, நாட்டுக்காக மண்ணைக் கொடுத்தோம் என்று முழங்கினார்.

நேற்று ஒன்றுமே நடக்காதவர்போல வீட்டுக்கு வந்தார், கட்டுரை என்ன ஆச்சு என்று. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், இந்த எழுபது வயதுவரை அவர் எதிரே உட்கார்ந்ததில்லை. நேற்று எழுந்திருக்கவில்லை. "பையன் எழுத மாட்டான்" என்றார், 'அண்ணே' கூடச் சொல்லவில்லை, பேப்பரை விரித்துக்கொண்டார். பெரியப்பா வந்த வழியே போய்விட்டார். அவர் போன பிறகும் அப்பா பேப்பரில் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு நூறாண்டு வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா