அம்மா சொன்ன எட்டு மணி

அன்புள்ள அண்ணனுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மாதாமாதம் உனக்கு அப்பாதான் எழுதுவார், இப்போது அவருக்கு வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை, அதனால் அவர் இடத்தில் நான். அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

ஊசி போட்ட டாக்டரம்மா மேல் புகார் கொடுக்கப் போவதாகப் போனில் சொன்னாயாம். கொடுக்காதே அண்ணா. அப்பா விழுந்ததற்கு முந்தின இரவு அவருக்கும் அம்மாவுக்கும் சண்டை. காலை ஐந்து மணிக்கு அப்பா கையிலிருந்து செம்பு விழுந்தது, வாய் ஒரு பக்கம் கோணி ஏதோ குழறினார். "ஆரம்பிச்சிட்டாரு நாடகத்த, கிடக்கட்டும், பசிச்சா தானா எந்திரிப்பாரு" என்று அம்மா அவர் கிடந்த அறைக் கதவைச் சாத்தினாள். நான் திறக்கப் போனேன், "நீ போய்ப் படிடி" என்றாள், போய்ப் படித்தேன். ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து பார்த்துப் பயந்துபோய்த்தான் வண்டி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளியவர், "நாலரை மணி நேரத்துக்குள்ளன்னாதாம்மா ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடுவாங்க" என்றார். டாக்டரம்மா வந்து எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதும் அம்மா கண் சிமிட்டாமல், "எட்டு மணிக்கும்மா, ஏழரைக்குக்கூட சிரிச்சுப் பேசிட்டிருந்தாரு" என்றாள். "நீயும் பாத்தியாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். தலையாட்டினேன். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆன நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மார்க் போட்டுக் கூட்டி, "இவர மாதிரி நூறு பேருக்குப் போட்டா மூணு பேருக்கு மூளைல ரத்தம் கசியலாம், போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். சாயங்காலம் கசிந்துவிட்டது. கூட்டல் சரிதான் அண்ணா, நாங்கள் கொடுத்த மணிதான் பொய். அந்த டாக்டரம்மா தினமும் கட்டிலருகே நின்று அதே தாளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். "ஆள முடக்கிப் போட்டியேடி பாவி" என்று அம்மா எல்லார் முன்னாலும் திட்டுகிறாள், அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

பார்க்க வருகிறவர்களிடம் அம்மா "எட்டு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு" என்று தொடங்கும்போதெல்லாம் அப்பா இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரிக்கிறார். "பாருங்க, ஆசீர்வாதம் பண்றாரு" என்று சித்தப்பா கும்பிடுகிறார். அம்மா அந்தக் கையைப் போர்வைக்குள் செருகி, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் எழுதினேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, என்னையும் அந்த அறையில் போட்டுச் சாத்திவிடுவாள். அப்பாவின் ஆசி உனக்கு உண்டு, இன்றைக்கு மட்டும் நான்கு முறை கை தூக்கினார்.

அப்பாவுக்காக,
தலையாட்டிய தங்கை