அரைக்கட்டை இறக்கிய பாட்டு

பார்மா
13 ஜனவரி 1961

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. நேற்று நாடக அரங்கின் மேல்மாடியிலிருந்து என்னைக் கேலி செய்து வந்த முதல் சீழ்க்கை உன்னுடையது. இரண்டு விரலை வாயில் வைத்து நீ ஊதுவது எனக்குத் தெரியாதா? மற்றவர்கள் உனக்குப் பின்னால்தான் ஊதினார்கள். அதுவும் எப்போது? வாளை உருவிக்கொண்டு, அம்மாவைத் தீயிலிருந்து மீட்கப் போகிறேன் என்று நான் பாடி முடித்த அந்தக் கணத்தில்!

பதினொரு வருடம் ஊர் ஊராகப் பாடிவிட்டு, முதல் தடவையாகச் சொந்த ஊர் மேடையில் நின்றேன். நேற்று நான் பாடி நடித்த இசைநாடகத்தின் கதையில், தம்பி என்று தெரியாமல்தான் அண்ணன் தம்பியைக் கொல்கிறான். உனக்குத் தெரியாதா என்ன?

லெயார்கோ

---

லாங்கிரானோ
15 ஜனவரி

தம்பி லெயார்கோவுக்கு,

ஊதினேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ பாட்டைச் சுருதியில் அரைக்கட்டை இறக்கிப் பாடினாய். வாத்தியக்காரர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இறக்கினாய். முடிவெட்டும் குவால்தியேரோ சட்டைப்பையில் சுருதி பார்க்கும் இசைக்கவையோடு வருகிறவன். தட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "டேய் ஆர்டிலியோ, உன் தம்பி நம்ம காதுல பூ சுத்துறான்டா" என்றான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பன்றித்தொடைக்கு உப்புப் போட்டுப் பிழைக்கிறவன் நான். கெட்டதை நல்லது என்று ஒருநாளும் விற்றதில்லை. சொந்தத் தம்பி என்று வாயை மூடியிருந்தால், நாளைக்கு வேறு எவனை நான் கேட்க முடியும்?

உன் அண்ணி உனக்காகச் சூப்பில் அனோலினிக் கொழுக்கட்டை போட்டு வைத்துக் காத்திருந்தாள். நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆர்டிலியோ

---

பார்மா
17 ஜனவரி

நியாயவான் அண்ணனுக்கு,

உன் குவால்தியேரோவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பாட்டின் முடிவில் வரும் உச்சச் சுரத்தை இசையமைத்தவர் எழுதவே இல்லை. என்றைக்கோ ஒரு பாடகன் சேர்த்தான். உங்களைப் போன்ற மேல்மாடிக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சட்டமாக்கிவிட்டீர்கள்.

என் குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது. "வசந்தம் வரைக்கும் உச்சத்துக்குப் போகாதீங்க. போனா குரலே போயிடும்" என்று மிலான் டாக்டர் சொல்லிவிட்டார். சொந்த ஊரில் பாடும் வாய்ப்பை விட மனமில்லாமல்தான் இறக்கிப் பாடினேன். கெஞ்சிக் கைதட்டு வாங்கப் பிடிக்காமல் உன்னிடம் சொல்லவில்லை.

போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டத்தில் சுருதியை இறக்காமல் ஏற்றியே பாடுகிறேன். இசைக்கவையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெயார்கோ

---

லாங்கிரானோ
19 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

முட்டாளே! இதை முதலிலேயே சொல்ல உனக்கு என்ன கேடு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேல்மாடி முழுவதையும் வாயடைத்திருப்பேனே! உன் மேல் வருகிற கோபத்தில் இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இறக்கியே பாடு. எவனாவது ஊதினால் பல்லை உடைக்கிறேன். உன் தொண்டை விஷயம் என்னோடு இருக்கும். உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் சொல்கிறேன், இந்த ஒரு தடவையாவது கேள்.

உன் ஆர்டிலியோ

---

மிலான்
24 ஜனவரி

அண்ணனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. படித்த பிறகும் ஏற்றித்தான் பாடினேன். அது என் திமிர். அதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை.

சுரம் வந்தது. கட்டியோடும் வந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு குரல்: "மறுபடியும்! இன்னொரு தரம் பாடுடா!" அது உன் குரல். அதற்குப் பிறகுதான் மேல்மாடி முழுவதும் கத்தியது. பார்மாவில் மேல்மாடி கேட்டால் பாடாமல் நகர முடியுமா? வாத்தியக் குழுத் தலைவர் கோலை உயர்த்திவிட்டார். இரண்டாம் தரம் தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது.

நேற்று டாக்டர் பார்த்தார். இனிப் பாட முடியாது. பேச்சாவது முழுதாகத் திரும்புமா என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தனை பேரில் என் தொண்டையைப் பற்றித் தெரிந்தவன் நீ ஒருவன். ஏன் கேட்டாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம்.

லெயார்கோ

---

லாங்கிரானோ
27 ஜனவரி

லெயார்கோ,

நீ இறக்கிப் பாடுவாய் என்று நம்பித்தான் வந்து உட்கார்ந்தேன். ஊதுகிறவனை அடிக்கக் கையை முறுக்கிக்கொண்டிருந்தேன். குவால்தியேரோ என் தொடையைக் கிள்ளி, "ஏத்திட்டான்டா!" என்றான். அப்போதே கீழே ஓடிவந்து திரையை இழுத்து மூடியிருக்க வேண்டும்.

நீ அந்தச் சுரத்தைப் பிடித்தாய். அதன் பிறகு நீ என் தம்பி என்பதோ, உனக்குக் கட்டி என்பதோ எதுவும் என் நினைவில் இல்லை. முப்பது வருடமாக அந்த மாடிக்குப் போகிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். ஆனால் நீ பதில் கேட்டாய், பொய் எழுத மாட்டேன்.

அவ்வளவு நன்றாக இருந்தது, தம்பி. இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது.

ஆர்டிலியோ