கை நனைத்த வீடு

மணலூர்பேட்டை,
புதன்கிழமை.

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். ஆண்டவன் புண்ணியத்தில் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, இருக்கிற குறை எல்லாம் புத்தியில்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பெர்த்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெல்டிங் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவர் ஏன் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் கிறுக்குகிறார் என்று நினைப்பாய். போனில் உன் பேரைப் பார்த்தாலே உன் அம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால் கரும்புக் காட்டு மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து திருடன் மாதிரி எழுதுகிறேன், நாளைக் காலை படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குக் காரில் போனோமே, உன் தங்கச்சி சங்கவி படம் எல்லாம் அனுப்பியிருப்பாள். அதில் நான் சிரித்துக்கொண்டு நிற்பது காலையில் எடுத்தது. லைசென்ஸ் வாங்கிய ஜோரில் அவள்தான் ஓட்டினாள், உன் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே பிரேக் போட்டாள், நான் முன்சீட்டில் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். கள்ளக்குறிச்சி தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக மேலே ஏறி வெள்ளிமலைப் பக்கம் அருவிக்கு வழி கேட்க ஒரு வீட்டு முன்னால் நிறுத்தினோம். அந்த வீட்டுக்கார அம்மா பேர் பச்சையம்மாள், வழி சொல்வதற்கு முன்னாடியே, "இன்னா அவசரம், எறங்கு, சாமச்சோறு ஆக்கிக்கினு இருக்கேன், துன்னுட்டுப் போலாம்" என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி, வேணாங்க, கட்டுச்சோறு இருக்குது என்றேன். அந்த அம்மாவுடைய முகம் சுருங்கிப்போச்சு. "ஏம்பா, கீழருந்து வர்றவங்களுக்கு மலைக்காரங்க வூட்டுச் சோறு எறங்காதா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பல பேரிடம் கேட்டுப் பழகிய மாதிரி கேட்டார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, உடனே இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டேன். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும், அவ்வளவு ருசி. எழுந்தால் போதும் என்றிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அங்க மட்டும் துன்னீங்களே எங்க வூடு இன்னா பாவம் பண்ணுச்சு என்று கையைப் பிடித்தார். இப்படியே நாலு வீடு. டிக்கியில் கேட்காமலேயே இரண்டு பலாப்பழம் ஏறிவிட்டது. அருவியைப் பார்க்கவே இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது, இனி யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்று. அதுதான் என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல்.

இறங்கி வரும்போது நல்ல மழை. கச்சிராயபாளையத்தில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியில் காற்றே இல்லை, அதைப் பார்த்து வைக்க வேண்டியவன் நான்தான், உன் அம்மா அதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த மழையில் ஒருத்தர் குடையோடு வந்தார். எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டார். "மணலூர்பேட்டை ராஜதுரைங்களா, நீங்கதானா?" என்று இரண்டு தரம் கேட்டார். மலையில்தான் இப்படி என்று பார்த்தால் இங்கேயும் இவ்வளவு பிரியமா என்று நான் பூரித்துப்போனேன், அவர் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆளை விட்டு டயரைக் கழற்றி அனுப்பிவிட்டு எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வண்டிக்கு மூன்று சக்கரம், வெளியே கொட்டுகிற மழை, எங்கே ஓட முடியும். அரை மணி நேரத்தில் இலை போட்டுவிட்டார்கள். உன் அம்மா உள்ளே ஒரு பெண்ணைப் பார்த்தவள், திடீரென்று இன்னிக்கு எனக்கு விரதம் என்றாள். நாலு வீட்டில் சாப்பிட்டவளுக்கு என்ன விரதம் என்று எனக்குச் சிரிப்பு. சங்கவியையும் உட்கார விடவில்லை. நான் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, மூன்றாவது வாய் வைக்கும்போது முதுகில் கிள்ளினாள். கம்மியாகச் சாப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்து ரசத்துக்கும் மோருக்கும் சோறு வாங்கினேன்.

அது ராஜாங்கம் வீடு செழியா. தை மாதம் ஜாதகம் வந்ததே, கலையரசி, அவளுடைய அப்பாதான் குடையோடு வந்தவர். ஜாதகம் பொருந்தி, நாம் இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருந்த இடம். போட்டோவில் பார்த்த முகத்தை உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள், எனக்குத்தான் தெரியவில்லை. பேச்சு முடியாத வீட்டில் காபி குடிக்கலாம், இலையில் கை நனைத்தால் பையன் வீட்டுக்குச் சம்மதம் என்று நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். உன் அப்பன் மூன்று தரம் சோறு வாங்கிச் சம்மதம் சொல்லியிருக்கிறான்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அந்தப் பெண் சொம்போடு வந்து தண்ணீர் ஊற்றினாள். மாமா என்று கூப்பிடவில்லை, ஐயா என்றாள். "ஐயா, கோச்சிக்காதீங்க. உங்க பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மலைலருந்து சாமை வாங்கிக் குத்தி விக்கிறதுக்கு மிஷின் போட்டு எட்டு மாசம்தான் ஆவுது. அங்க பதினாலு வூட்டுக்காரங்க என்ன நம்பி வெதச்சிக்கினு இருக்காங்க. நான் பிளைட் ஏறிட்டா அவங்க பழையபடி வியாபாரி சொன்ன வெலைக்கே மூட்டையக் குடுக்கணும். நான் வேணாம்னா எங்கப்பா மிஷினை வித்துட்டுத்தான் மறுவேல பாப்பாரு. உங்க பக்கத்துலருந்து வேணாம்னு வந்தாத்தான் நான் தப்பிப்பேன்" என்று மெதுவாக, ஆனால் திக்காமல் சொன்னாள். உள்ளே அவள் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நான் ஈரக் கையோடு தலையை ஆட்டிவிட்டேன்.

வரும் வழியெல்லாம் உன் அம்மா, "நாலு வூட்ல துன்னது பத்தலியா, அஞ்சாவது வூட்ல போய் சம்மந்தியா உக்காந்தீங்களே" என்று என்னை உரித்தெடுத்தாள். திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணின் அம்மா குஞ்சம்மாள் போன் செய்து, சம்மந்தி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டார், உன் அம்மா அப்படியே உருகிவிட்டாள். இப்போது சாமியே பார்த்துப் பஞ்சர் பண்ணியது என்கிறாள். வெள்ளிக்கிழமை அவர்கள் தட்டோடு வருகிறார்கள். சங்கவி வீட்டுக்கு ஒட்டடை அடிக்கிறாள். ஒருபக்கம் நான் சாப்பிட்ட சோறு, இன்னொரு பக்கம் நான் ஆட்டிய தலை, நடுவில் மூன்று நாளாக நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு நான் மட்டும் டவுன் பஸ்ஸில் போய் ராஜாங்கத்திடம் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ஜாதகத்தின் மேல் பழி போட முடியாது, பொருந்திவிட்டது. அந்தப் பெண்ணின் பேச்சை எடுக்கவே முடியாது. உன் பேரைக் கெடுக்க மாட்டேன். எனக்குத்தான் மனசு வரவில்லை, தெரியாமல் கை நனைத்துவிட்டேன் என்று சொல்லுவேன். நகை ஜாஸ்தி கேட்கிறதுக்காகச் சாப்பிட்டுவிட்டு பேச்சை மாற்றுகிறான் என்றுதான் அவர் நினைப்பார், நாலு பேரிடம் சொல்லுவார். சொல்லட்டும். அந்தப் பெண் போட்ட மிஷினைவிட என் பேர் ஒன்றும் பெரிய பொருள் இல்லை. உன்னை நினைத்துத்தான் கை ஓடவில்லை. அவள் போட்டோவுக்கு, பரவால்லம்மா நல்லாத்தான் இருக்காங்க என்று நீ பதில் போட்டாய். பிடிக்காததற்கு நீ பதிலே போட மாட்டாய், எனக்குத் தெரியும். நீ இங்கேயே இருந்தால் வேறு விதமாகப் பேசிப் பார்த்திருப்பேன், இன்னும் சில வருஷத்துக்கு ஊரோடு வந்து இருக்க முடியாது என்று நீயே சொல்லிவிட்டாய். அப்பாவை மன்னித்துக்கொள். உன் அம்மா உன்னிடம் அழுவாள், எனக்கு எதுவும் தெரியாதும்மா என்று சொல்லிவிடு, கோபம் முழுசும் என் மேலேயே வரட்டும், எனக்கு அது பழக்கம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், தூக்கத்தைக் குறைக்காதே, உனக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முக்கியமான ஒன்று. எட்டரை மணிக்குப் பஸ். இதைப் படித்ததும் போன் செய்யாதே. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் நான், நீ ஒரு வார்த்தை கேட்டால் பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன். போனை அணைத்து, உன் அம்மா கைக்குப் படாமல் இந்தக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன். திட்டுவதாக இருந்தால் சாயங்காலம் திட்டு, அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜதுரை