மம்மியின் நினைவு நாளில் பிரியாணி போதவில்லை

சிட்லபாக்கம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஹெப்சிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். மம்மியின் முதல் வருட நினைவு நாள் எப்படி நடந்தது என்று நீ போனில் கேட்டபோது, நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முழுவதையும் போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம், சொந்தக்காரர்களுக்கும் சர்ச் ஆட்களுக்கும் பிரியாணி, அவ்வளவுதான் ஏற்பாடு. அசோசியேஷன் செக்ரட்டரி தோத்தாத்ரி சார் மம்மியின் மிலிட்டரி யூனிஃபார்ம் படத்தைப் போட்டுத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றார். மேஜர் ஜான்சி இருந்திருந்தால் அதை உங்களைக் கொண்டே கழற்ற வைத்திருப்பாள் என்றேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் மனிதர் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் செய்தியைப் போட்டுவிட்டார். பாஸ்டர் ஆமென் சொல்லும்போது பார்க்கிறேன், செருப்பு வரிசை பக்கத்து வீட்டு கேட் வரை போகிறது. மிலிட்டரி நர்ஸ் வேலையில் ரிட்டயர் ஆன பிறகும் ஸ்கூட்டியில் பிபி மெஷினும் கட்டுத்துணியுமாக ஊர் ஊராக, வீடு வீடாகச் சுற்றினாளே, அந்த வீட்டு ஆட்கள்தான் எல்லாரும். அபிதகுஜாம்பாள் மாமி சக்கர நாற்காலியில் வந்து, இனி தனக்கு யார் நகம் வெட்டிவிடுவது என்று என்னிடம் சண்டை, மருமகள் வெட்டினால் பிடிக்கவில்லையாம். கோவளத்திலிருந்து சக்திவேல் என்று ஒரு மீனவர் வஞ்சிரத்தோடு வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரைப் புண், மம்மிதான் வாராவாரம் போய்க் கட்டுப் போட்டாளாம். “அவங்க வரலன்னா எங்கப்பாவுக்கு காலே இருந்திருக்காது சார், இப்போ நடந்து கடலாண்ட போயிகினு கீறாரு” என்றார். என்னிடம் தாம்பரம் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போவாள், வரும்போது பையில் மீன் இருக்கும், நானும் நம்பிவிட்டேன். பிரியாணி தீர்ந்துபோய் மெஸ்ஸில் இட்லி வாங்கிச் சமாளித்தோம்.

அடக்கம் முடிந்து காரில் வரும்போது, மம்மி ஊருக்கெல்லாம் இருந்தாள், எனக்குத்தான் இல்லை என்று நீ சொன்னாய். உன் பள்ளிக்கூட நாட்களில் பாதி அவள் காஷ்மீரிலும் அசாமிலும்தான் இருந்தாள், நான் பின்னிவிட்ட கோணல் ஜடையோடுதான் நீ போனாய். நினைவு நாளன்று நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன்.

எல்லாரும் போன பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பெயர் அச்சுதன், பொழிச்சலூரில் டீக்கடை வைத்திருக்கிறார், வாட்ஸப்பில் மம்மியின் பெயரைப் பார்த்துவிட்டு வந்தாராம். பட்டாளத்தில் இருந்தபோது எல்லையில் அடிபட்டு, இரண்டு கண்ணிலும் கட்டோடு மம்மியின் வார்டில் கிடந்தவர். பார்வை திரும்புமா என்று யாருக்கும் தெரியாத நேரம், சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாராம். மம்மி டியூட்டி முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாளாம், பேச்சு முழுக்க நீதான். முட்டையில் மஞ்சளை ஒதுக்குவது, மின்சார ரயிலில் ஜன்னல் கிடைக்காவிட்டால் அழுவது, போர்வைக்குள் பூனைக்குட்டியை ஒளித்து வைத்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாள் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாளாம். என்ன சிஸ்டர் என்று இவர் கேட்டிருக்கிறார். “என் பொண்ணுக்கு முன்பல் விழுந்துடுச்சாம் அச்சுதா, நான் பாக்கல” என்றாளாம். அன்றைக்குத்தான் இவர் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டாராம், நீங்களும் சாப்பிடுங்கள் என்று அவளுக்கும் சேர்த்து. அந்த வாரமே அவரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு கண் தப்பியது, மம்மியை மட்டும் கடைசிவரை அவர் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது கேட்டருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், ஹெப்சிக்கு அந்தப் பல் முளைச்சுதா?”

முளைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து ரொம்ப நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

வைட்டமின் மாத்திரையை மறக்காதே, பாப்பாவோடு வீட்டில் தமிழிலேயே பேசு, மாப்பிள்ளையைப் பனியில் மெதுவாக வண்டி ஓட்டச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்றே ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அச்சுதனிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
ஜெபகுமார்